ஹோசியா டாக்கெட்டைப் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அடக்கம் செய்த கதை

ஹோசியா டாக்கெட் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தார். ஆர்செலா கொல்லையில் துணியைக் காயப்போட்டுவிட்டு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மரம் அறுக்கும் ஆலையில் தேய்ந்த உடம்பு. நெஞ்சு எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் ஆர்செலாவுக்கு அதிர்ச்சி இல்லை, கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

தன் சாவுக்காக ஹோசியா இரண்டு ஏற்பாடுகள் செய்துவைத்திருந்தார். முதலாவது, சவப்பெட்டி. பளபளக்கும் பச்சை நிறம், மூடி முழுக்க வாயைப் பிளந்து துள்ளுகிற ஒரு பெரிய ஏரிமீன் படம். ஆர்செலாவுக்கு அது பிடிக்கவில்லை. "உள்ள படுக்கப்போறது நானா நீயா?" என்று கேட்டார் ஹோசியா. இரண்டாவது, புதைக்கும் இடம். அம்மா லூட்டிக்குப் பக்கத்தில்.

சிக்கல் இடத்தில்தான் வந்தது. டாக்கெட் குடும்பம் போய்வந்த கறுப்பர் சபையான நேபோ மலைச் சபை நெடுஞ்சாலைப் பக்கம் செங்கல் கட்டடத்துக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. கூடவே மாற முடியாதவர்கள் பழைய கல்லறைத் தோட்டத்திலேயே படுத்திருந்தார்கள். அந்தத் தோட்டம் ட்ரென்ஹோம் வீட்டுத் தோப்புக்குப் பின்னால் இருந்தது. போக ஒரே வழி, ட்ரென்ஹோம் வீட்டு இரும்புக் கதவு.

ட்ரென்ஹோம் வீடு என்றால் லவீனியா ட்ரென்ஹோமின் வீடு. ஹார்லோ ஃபெரி என்ற அந்த ஊர் பெற்ற ஒரே எழுத்தாளர். வெள்ளைக்காரச் சீமாட்டி. அவர் எழுதிய 'பாதி அப்பம்' நாவலில் ஒரு சீமாட்டி ஊர்க்கட்டை மீறித் தன் கறுப்புச் சமையல்காரி ஹெஸ்டரோடு ஓர் அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்துகொள்கிறாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஹெஸ்டர் செத்துப்போகிறாள். சீமாட்டி சவப்பெட்டிக்குப் பின்னால் தன்னந்தனியாக நடந்து போகிறாள். ஜார்ஜியா மாநிலமே அதைப் படித்துத் தான் திருந்திவிட்டதாக நம்பியது.

ஹெஸ்டர் வேறு யாருமில்லை, லூட்டிதான். ட்ரென்ஹோம் வீட்டில் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவள். நாவலைப் பற்றி லூட்டி சொன்னது ஒன்றே ஒன்று: "புத்தகத்துல என்னைச் சாகடிச்சுட்டு, திங்கக்கிழமை வந்து பிஸ்கட்டு எங்கேங்குறா." ஆர்செலா அந்தப் புத்தகத்தை மூன்று முறை எடுத்துப் பார்த்தாள். ஹெஸ்டர் நாற்பது பக்கமாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆர்செலாவுக்குத் தாடை வலித்தது. மூடிவைத்துவிட்டாள்.

இதையும் சொல்லியாக வேண்டும்: லவீனியா அம்மாள் உயிரோடு இருந்தவரை அந்தக் கதவைப் பூட்டவில்லை. பிணம் போகும்போது சன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார், அவ்வளவுதான். கதவுக்குப் பூட்டு வந்தது அவருடைய சமூகநீதிப் பணியைத் தொடர்வதற்கு ஓர் அறக்கட்டளை ஏற்பட்டு, வீடு அருங்காட்சியகமான பிறகு.

புதன்கிழமை காலை, பள்ளிக்கூடப் பேருந்தை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் சட்டையோடே ஆர்செலா அங்கே போனாள். முன்னறையில் ஒரு பெண் அவள் காதில் ஒலிக்கருவியை மாட்டப் பார்த்தாள்.

"சுத்திப் பாக்க வரலம்மா. சனிக்கிழமை என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணணும். கேட்டைத் திறந்துவிடணும்."

"நினைவுப்பொருள் கடை வழியாத்தான் எல்லாரும் வெளியே போகணும் மேடம்" என்றாள் அந்தப் பெண். அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

கடையில் ஹெஸ்டர் முகம் போட்ட கோப்பைகள், ஹெஸ்டர் முகம் போட்ட கைப்பிடித் துணிகள். லூட்டி ஒரு நாளும் அப்படிச் சிரித்து ஆர்செலா பார்த்ததில்லை. சாயல் மட்டும் இருந்தது. கோப்பைகளைப் பார்த்து நின்றவளிடம் அறக்கட்டளையின் இயக்குநர் டாக்டர் விட்செட் வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர், கைத்தறிச் சட்டை, எப்போதும் யாரோ செத்ததைக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற முகம். பெயரைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"டாக்கெட்டா? லூட்டி அம்மாவோட மருமகளா? இந்த மண்ணுல உங்க காலா?"

கைதட்டி அலுவலகத்தையே வரவழைத்தார். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். விட்செட் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இந்த நிலம் யாரோட உழைப்பால உருவாச்சோ, அவங்களை நாம ஏத்துக்கறோம். அவங்க இங்கே இல்லாத இல்லாமையை நம்ம பிரக்ஞையில ஏந்தறோம்."

"நான் இங்கதான் சார் இருக்கேன்" என்றாள் ஆர்செலா.

"ஆமா" என்றார் விட்செட் கண்ணைத் திறக்காமல். "அதுதான் அந்த வலியோட அழகு."

அந்த ஏற்றுக்கொள்ளும் சடங்கு முடிந்ததும் ஆர்செலா கதவைப் பற்றி மறுபடி கேட்டாள். அவர் முகம் இன்னும் இளகியது. அவர் மறுக்கப்போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

"சனிக்கிழமை எங்க 'நீதியும் கிருபையும்' விழா மிஸ் ஆர்செலா. கதவுக்கு நேரா 'ஒரே பந்தி' போடறோம். கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் ஒரே மேசை. மாநிலம் பூராவிலுமிருந்து வர்றாங்க. அன்னிக்குப் போய் ஒரு... ஒரு வாகனம் குறுக்கே வந்தா, அந்த நல்லிணக்க வெளி உடைஞ்சுபோயிடும். ஆனா நாங்க உங்களுக்குச் செவிகொடுக்காம இருக்க மாட்டோம். நாளைக்குச் செவிமடுக்கும் குழு கூடுது. அவசியம் வாங்க."

மத்தியானம் ஆர்செலா தன் கொழுந்தன் ஓடெலோடு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்லவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "சட்டம் உங்க பக்கம்தாம்மா. சொந்தக்காரங்க கல்லறைக்குப் போறதை யாரும் தடுக்க முடியாது. கோர்ட்டுல ஒரு மனு போட்டீங்கன்னா இலை உதிர்றதுக்குள்ள உத்தரவு வாங்கிடலாம்."

அது மே மாதம். அங்கே இலை உதிர்வது அக்டோபரில்.

"அண்ணி, பூட்டை வெட்டிட்டுப் போயிடலாம்" என்றான் ஓடெல் வண்டியில். "என்கிட்ட கட்டர் இருக்கு."

"வெட்டிட்டு? நீ உள்ளே போயிடுவே, அவரு பனிப்பெட்டியில கிடப்பாரு. பெட்டியைத் தூக்க ஆளு யாரு? வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

செவிமடுக்கும் குழு வியாழக்கிழமை மாலை ட்ரென்ஹோம் நூலக அறையில் கூடியது. வட்டமாக நாற்காலிகள். நடுவில் ஓர் ஆற்றுக்கல். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் செவிமடுக்க வேண்டும். கல் முதலில் விட்செட்டின் கைக்குப் போனது.

தன் பாட்டனார் பருத்தித் தோட்டம் வைத்திருந்ததையும், அதை நினைத்துத் தனக்கு ஒற்றைத் தலைவலி வருவதையும், தலைவலியை ஒரு கொடையாக ஏற்கப் பழகிவிட்டதையும் அவர் சொன்னார். கல் ரெவரெண்ட் தார்ன்வெல்லுக்குப் போனது. ஊரின் பெரிய வெள்ளைச் சபைக்குப் போதகர் அவர். குரலே பாதிப் பிரசங்கம்.

"அந்தக் காலத்துல எங்க சபைப் படியில கறுப்புச் சகோதரர்கள் வந்து நின்னப்போ, எங்க மூப்பர்கள் கதவைச் சாத்தினாங்க. ஏன் சாத்தினாங்க? பயம்! அந்தப் பயத்துக்காக நான் ஒவ்வொரு ஈஸ்டரும் கண்ணீர் விடறேன். அந்தக் கதவை இன்னும் அப்படியே பாதுகாத்து வச்சிருக்கோம். பித்தளைப் பிடி, நல்ல ஓக் மரம். பாக்கறவங்க மனசு உருகுது."

"இப்போ திறக்கிறீங்களா?" என்று ஆர்செலா கேட்டுவிட்டாள்.

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். அது அவளிடம் இல்லை. ரெவரெண்ட் பெருந்தன்மையோடு புன்னகைத்துக் கல்லை அடுத்த கைக்குக் கொடுத்தார்.

அடுத்த கை திருமதி ஆல்ட்ரிஜ். அறக்கட்டளைக்கு அள்ளிக் கொடுக்கிறவர். கல்லை வாங்கியதுமே அழ ஆரம்பித்துவிட்டார். தன்னை வளர்த்தது ஒரு கறுப்பு ஆயா என்றும், பெற்ற தாயைவிட அவளைத்தான் நேசித்ததாகவும், அவள் எங்கே எப்படிச் செத்தாள் என்று இன்றுவரை தெரியாது என்றும், அந்தத் தெரியாமை தன்னை அரிக்கிறது என்றும் விம்மினார். பக்கத்தில் இருந்தவள் ஆர்செலா. கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது கைக்குட்டையும் போனது. திருமதி ஆல்ட்ரிஜ் அவள் தோளில் சாய்ந்துகொண்டார். புருஷனைப் பனிப்பெட்டியில் வைத்திருந்த ஆர்செலா, "பரவாயில்லை விடுங்க, பரவாயில்லை" என்று அந்த அம்மாளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கை நின்றது.

கல் அவளிடம் வந்தபோது விட்செட் எழுந்துவிட்டார். "எவ்வளவு ஆழமான மாலை! மிஸ் ஆர்செலாவோட மௌனம் நம்ம எல்லாரையும்விட அதிகமாப் பேசிச்சு."

"கேட்டு?" என்றாள் ஆர்செலா, கல்லைப் பிடித்தபடி.

விட்செட் கண்ணை மூடினார், திறந்தார். அவருக்கு ஒன்று தோன்றிவிட்டது. "பத்தொன்பதாம் அத்தியாயம்!" என்றார்.

விழாவில் ஒவ்வொரு வருஷமும் நாவலிலிருந்து ஒரு காட்சியை நடத்துவது வழக்கம். இந்த வருஷம் ஹெஸ்டரின் சவ ஊர்வலம். காலிப் பெட்டியை வைத்து நடத்துவதாக இருந்தார்கள். "ஹெஸ்டரோட சொந்த மகனே! ரத்தமும் சதையுமா! மிஸ் ஆர்செலா, நாம உங்க துக்கத்துக்கு ஒரு மேடை தரலாம்!"

குழு மூச்சை இழுத்துக்கொண்டது. ரெவரெண்ட் "அல்லேலூயா" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கல் ஆர்செலாவின் கையில்தான் இருந்தது. ஆகவே அவள் சம்மதித்ததாகப் பதிவானது.

நிபந்தனைகள் மறுநாள் தொலைபேசியில் வந்தன. வாகனம் கூடாது, தோளில் சுமந்து வர வேண்டும். பெண்கள் வெள்ளை உடை. பழைய அடிமைக்காலப் பாடல் ஒன்றாவது பாட வேண்டும். மீன்பெட்டி கூடவே கூடாது.

"அது அவரு ஆசையா வாங்கின பெட்டி சார்."

"புரியுது. ஆனா அது உண்மையா இல்லை."

"தகரத்துல செஞ்சது சார். உண்மையாத்தான் இருக்கு."

கடைசியில் அருங்காட்சியகத்துப் பழைய ஒட்டுத்துணிப் போர்வையால் பெட்டியை மூடிக்கொள்ளலாம் என்று முடிவானது. குழி தோண்டச் சபை ஆட்கள் வர வேண்டாம், அறக்கட்டளையே தோட்டக்காரர்களை வைத்துத் தோண்டிவைக்கும். அன்புக் காணிக்கை.

நேபோ மலைச் சபைப் போதகர் சிம்ஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "சிஸ்டர் டாக்கெட், வேண்டாம்னா சொல்லுங்க. நெடுஞ்சாலைப் பக்கம் மாவட்டப் பொதுக் கல்லறையில இடம் இருக்கு."

"அவரு கேட்டது ரெண்டுதான் பாஸ்டர்" என்றாள் ஆர்செலா. "ரெண்டும் செஞ்சுடுறேன். அப்புறம் அவங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்."

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. இரும்புக் கதவு திறந்திருந்தது. கதவிலிருந்து தோப்புவரை வெள்ளை விரிப்புப் போட்ட மேசை நீண்டு கிடந்தது. பன்றிக்கறி வெந்த வாசனை. தொப்பி வைத்த பெண்கள், கையில் எலுமிச்சைச் சாறு. கறுப்பர்களும் சிலர் இருந்தார்கள். அட்லாண்டாவிலிருந்து வந்த பேராசிரியர்கள், மேசை நெடுக இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் பரப்பி உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள்.

ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் ஓடெல். பெட்டிக்குப் பின்னால் போய் நின்ற ஆர்செலாவின் முழங்கையை முன்னறைப் பெண் மெல்லத் தொட்டாள்.

"மேடம், நீங்க கொஞ்சம் பின்னால, கூட்டத்தோட."

"நான் அவரு பெண்டாட்டி."

"தெரியும் மேடம். ஆனா ஹெஸ்டருக்கு நாவல்ல குடும்பம் கிடையாது."

பெட்டிக்குப் பின்னால் நின்றது திருமதி ஆல்ட்ரிஜ். பழங்காலக் கறுப்பு உடுப்பு, முகத்திரை. சீமாட்டி வேடம் அவருக்கு. ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். ஓடெல் திரும்பிப் பார்த்தான். தலையை அசைத்து அவனை அடக்கினாள் ஆர்செலா. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர்வலம் கிளம்பியது. ஒலிபெருக்கியில் விட்செட்டின் குரல் அத்தியாயத்தைப் படித்தது. சபைப் பெண்கள் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் மேசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹோசியாவுக்கு வாழ்நாளில் யாரும் கைதட்டியதில்லை. படம் எடுக்கிறவர் வெளிச்சம் சரியில்லை என்று சொன்னதால் ஊர்வலத்தைக் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வரச் சொன்னார்கள். பெட்டி தூக்கியவர்கள் கேட்காதது போல நடந்தார்கள்.

மேசை முடிகிற இடத்தில், பெரிய ஓக் மரத்தடியில் குழி தயாராக இருந்தது. ஓரமெல்லாம் புல்தரை விரிப்பு, ரோஜா இதழ்கள்.

ஆர்செலா நின்றாள். "இது என்ன?"

விட்செட் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "இங்கேருந்து பார்த்தா எல்லாருக்கும் தெரியும் மிஸ் ஆர்செலா. திங்கக்கிழமை காலையில சத்தமில்லாம எடுத்துப் பின்னால கொண்டுபோய் வச்சிடலாம்."

"என் மாமியார் பக்கத்துல புதைக்க வந்திருக்கேன்."

"ஆமாமா. ஆனா இன்னிக்குப் பின்பக்கம் கொஞ்சம்... நடைமுறை ஏற்பாடுகள் இருக்கு."

ஆர்செலா அவரைத் தாண்டிப் போனாள். பெட்டி குழியைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனது. சபை போனது. என்ன நடக்கிறது என்று தெரியாமல், இதுவும் அத்தியாயத்தில் வரும்போலிருக்கிறது என்று விருந்தாளிகளும் தட்டும் கையுமாகப் பின்தொடர்ந்தார்கள்.

தோப்பு முடிந்ததும் கல்லறைத் தோட்டம். அதன் மேல் நீல நிறத்தில், தோளோடு தோள் உரச, வாடகைக் கழிப்பறைக் கூண்டுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் இரைந்துகொண்டு ஒரு ஜெனரேட்டர். கூண்டுகளுக்கு அடியில் இருந்தவை, கல்லுக்குப் பதில் சிப்பிகளும் கவிழ்த்த கண்ணாடிச் சாடிகளும் வைத்து அடையாளம் செய்திருந்த சமாதிகள். சாடிகளை யாரோ பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டு ஓரமாக வைத்திருந்தார்கள். தரையில் நீல மருந்துத் தண்ணீர் கசிந்து ஓடியிருந்தது. வெயிலில் நாற்றம் தூக்கியடித்தது.

லூட்டி கிடந்தது பழைய தேவதாரு மரத்துக்கு நேர் கீழே. அவள் மேல் நின்ற கூண்டு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஆர்செலா போய்த் தட்டினாள்.

"ஆள் இருக்கு!" என்று உள்ளிருந்து பிரசங்கக் குரல் வந்தது.

"வெளியே வாங்க ரெவரெண்ட்."

"கொஞ்சம் பொறும்மா, பக்கத்துல காலியா இருக்கும் பாரு."

"பக்கத்துல இருக்கிறது என் மாமனாரு. வெளியே வாங்க."

தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. ரெவரெண்ட் தார்ன்வெல் அங்கியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பழக்கத்தில் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். கை ஈரமாக இருந்தது.

"இங்கே கல்லே இல்லையே" என்றார் விட்செட் மூச்சு வாங்கியபடி. "வெறும் புல்லுன்னுதான் நெனச்சோம். சாடியெல்லாம் குப்பைன்னு... பாருங்க, பத்திரமா எடுத்துத்தான் வச்சிருக்கோம்."

ஓடெலும் ஐந்து பேரும் பெட்டியைப் புல்லில் இறக்கினார்கள். ஓடெல் ஒட்டுத்துணிப் போர்வையை உருவி விட்செட்டின் கையில் திணித்தான். பச்சைப் பெட்டி வெயிலில் மின்னியது. மீன் வாயைப் பிளந்து எல்லோரையும் பார்த்தது. பிறகு அந்த ஆண்கள் கோட்டைக் கழற்றிப் போதகர் சிம்ஸின் கையில் கொடுத்துவிட்டு, முதல் கூண்டில் தோளைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் குலுங்கித் தளும்பியது. பத்து எட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு அடுத்ததற்கு வந்தார்கள். அட்லாண்டாப் பேராசிரியர் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர்களோடு தோள் கொடுத்தார். ஓக் மரத்தடியிலிருந்து மண்வெட்டிகள் வந்தன. லூட்டிக்கு இடப்பக்கம் செம்மண் வெட்டுப்பட்டது.

விருந்தாளிகளில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

விட்செட் அந்த அமைதியைப் பார்த்தார். இருநூறு பேர், படக்கருவிகள், பாதி வெட்டிய குழி. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு தருணம் மறுபடி வரப்போவதில்லை. ஒலிவாங்கியை உயர்த்தினார்.

"நண்பர்களே, நாம தவறிட்டோம். இந்த நாற்றத்தை மறைக்க வேண்டாம். இதைச் சுவாசிப்போம். லவீனியா இருந்திருந்தா இதைத்தான் விரும்பியிருப்பாங்க. இந்தக் கூண்டுகள்ல ஒண்ணை இங்கேயே மனசாட்சிச் சின்னமா நிறுத்தி, ஒரு பித்தளைப் பலகை வைக்க அறக்கட்டளை சார்புல நான் இப்பவே உறுதி கொடுக்கறேன்." குரல் உடைந்தது. "ஆனா அதுக்கு முன்னால, மிஸ் ஆர்செலா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

இரண்டு எட்டு முன்னால் வந்து, போர்வையை மார்போடு அணைத்தபடி, ஈர மண்ணில் முழங்கால் போட்டார். திருமதி ஆல்ட்ரிஜ் திரையைத் தூக்கிக்கொண்டு விம்மினார். கைபேசிகள் உயர்ந்தன. மன்னிப்பைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் அத்தனை தூரம் வந்திருந்தார்கள். விட்செட் ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

ஆர்செலா குனிந்து அவரைப் பார்த்தாள்.

"எந்திரிங்க சார்" என்றாள். "நீங்க முட்டி போட்டிருக்கிறது என் மாமியார் நெஞ்சு மேல."

ஒலிபெருக்கி அதைத் தோப்பு முழுக்கச் சொன்னது. விட்செட் பதறி எழுந்து ஓர் அடி பின்னால் வைத்தார்.

"அது ஹோசியாவோட தங்கச்சி" என்றாள் ஆர்செலா.

அவர் வலப்பக்கம் நகர்ந்தார்.

"அது எங்க முதல் குழந்தை."

விட்செட் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல். ஆர்செலா அவருக்கு வழி சொல்லவில்லை. திரும்பி, குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போனாள்.